ரோல்-ஆஃப் பொருந்தாவிட்டால் எவ்வளவு இழப்பு?

டர்பனில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டது இது. ரோல்-ஆஃப் என்பது ஃபில்டரின் ஓரம் எவ்வளவு மெதுவாகச் சரிகிறது என்பதைச் சொல்லும் எண். சாட்ஸ்வர்த்தில் தன் வீட்டுக் கூரையில் ஒரு ஆன்டெனா, பக்கத்து ஷால்க்ராஸில் மாமா வீட்டில் இன்னொன்று. 433 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், மிகக் குறைந்த பவரில், க்யூபிஎஸ்கே முறையில் (நாலு புள்ளியில் ஒன்றை அனுப்பும் மாடுலேஷன்) நொடிக்கு ஒரு லட்சம் சிம்பல், அதாவது அப்படிப்பட்ட புள்ளி, அனுப்புகிறார். இரண்டு முனையிலும் ஜிஎன்யு ரேடியோ என்ற மென்பொருள் ஓடுகிறது; ஒரு சிம்பலுக்கு நாலு சாம்பிள். "அண்ணா, அனுப்பும் பக்கம் ரோல்-ஆஃப் 0.35, வாங்கும் பக்கம் 0.2 என்று போட்டிருந்தேன். கான்ஸ்டலேஷனில் (சிம்பல் புள்ளிகளைக் காட்டும் படத்தில்) நாலு புள்ளியும் பரவலாகத் தெரிந்தது. பிறகு இரண்டையும் 0.35 ஆக்கினேன், ஒரு மாற்றமும் இல்லை. பவரைக் கூட்டினேன், அதற்கும் மாற்றமில்லை. 16-க்யூஏஎம் (16 புள்ளி வைக்கும் மாடுலேஷன்) போட்டால் பாக்கெட் பெரும்பாலும் விழுந்துவிடுகிறது. ஃபில்டர் பொருந்தாததால்தான் இப்படியா? அப்படியானால் எத்தனை டெசிபெல் போகிறது?" தன் ஃப்ளோகிராஃபையும் (பிளாக்குகளின் இணைப்புப் படம்) விவரித்திருக்கிறார். அனுப்பும் பக்கம் கான்ஸ்டலேஷன் மாடுலேட்டர். வாங்கும் பக்கம் ஒரு ரூட் ரெய்ஸ்டு கொசைன் ஃபில்டர், அதற்கடுத்து சிம்பல் நேரத்தைப் பிடிக்கும் பாலிஃபேஸ் கிளாக் சிங்க்.

தம்பி, ஃபில்டர் பொருந்தாததுதான் காரணம். ஆனால் 0.35-க்கும் 0.2-க்கும் உள்ள வித்தியாசம் காரணமல்ல. உங்கள் பாதையில் இரண்டு ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கிறது.

முதலில் ரோல்-ஆஃப் விஷயத்தை முடித்துவிடுவோம். இதைப் பற்றிப் பலருக்கும் தேவையில்லாத பயம் உண்டு.

ஒரு சிம்பலின் துடிப்பு அடுத்த சிம்பலின் சாம்பிள் நேரத்தில் சரியாக பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது 1928-இல் நைக்விஸ்ட் சொன்ன நிபந்தனை. அதிர்வெண் பக்கமிருந்து பார்த்தால், மொத்தப் பாதையின் ஸ்பெக்ட்ரத்தைச் சிம்பல் வேகத்தின் பாதியில் மடித்துக் கூட்டினால் தட்டையான கோடு வர வேண்டும். ரெய்ஸ்டு கொசைன் என்ற ஃபில்டர் வடிவம் அப்படிப்பட்டது. அதை இரண்டு சம பங்காக, வர்க்கமூலம் எடுத்து, ஒன்றை டிரான்ஸ்மிட்டரிலும் மற்றதை ரிசீவரிலும் வைக்கிறோம். அந்தப் பாதிதான் ரூட் ரெய்ஸ்டு கொசைன். எல்லாவற்றையும் டிரான்ஸ்மிட்டரிலேயே வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைத்தால் சிம்பல்கள் கலக்காது. ஆனால் ரிசீவரில் இரைச்சலை அடைக்க ஆள் இருக்காது. வந்த துடிப்பின் வடிவமே ரிசீவர் ஃபில்டரின் வடிவமாகவும் இருந்தால்தான் இரைச்சலுக்கு எதிரே சிக்னல் அதிகபட்சமாக நிமிரும். இதுதான் மேட்ச்டு ஃபில்டர்; 1943-இல் டி. ஓ. நார்த் ரேடாருக்காகக் கணக்கிட்டுக் காட்டியது. பாதிப் பாதியாகப் பிரிக்கும்போது இரண்டு நிபந்தனையும் ஒரே நேரத்தில் நிறைவேறுகிறது.

இப்போது இரண்டு பாதிக்கும் ரோல்-ஆஃப் வேறு வேறாக இருக்கட்டும். ஃபில்டரின் சரிவுப் பகுதியில் ஒவ்வொரு ரூட் ரெய்ஸ்டு கொசைனும் ஒரு கோணத்தின் கொசைன்தான். அந்தக் கோணம் சரிவின் தொடக்கத்தில் பூஜ்யம், முடிவில் 90 டிகிரி. மடித்துக் கூட்டும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது அதே கோணங்களின் சைன். கொசைன் பெருக்கல் கொசைன், அதோடு சைன் பெருக்கல் சைன்: பள்ளியில் படித்த சூத்திரம்தான். விடை, இரண்டு கோணங்களின் வித்தியாசத்தின் கொசைன். இரண்டும் ஒன்றானால் எங்கும் 1, தட்டை. வேறானால் சின்னக் குழி. 0.35-உம் 0.2-உம் சேரும்போது அந்த வித்தியாசம் அதிகபட்சம் 0.337 ரேடியன். அதன் கொசைன் 0.944. அதாவது ஸ்பெக்ட்ரத்தில் அரை டெசிபெல் ஆழத்துக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். அதுவும் பட்டையின் ஓரத்தில் மட்டும்.

அந்தப் பள்ளத்தை வைத்து, அக்கம்பக்கச் சிம்பல்களிலிருந்து கசிவது எவ்வளவு என்று கணக்கிட்டால் சிக்னலுக்குக் கீழே 37 டெசிபெல் வருகிறது. ஈவிஎம் (புள்ளி தன் இடத்திலிருந்து விலகும் அளவு) கணக்கில் சுமார் 1.4 சதவீதம். இரைச்சல் பக்கத்து இழப்போ 0.06 டெசிபெல்கூட இல்லை. க்யூபிஎஸ்கே-க்கு 10 டெசிபெல் சுற்றளவில் இருந்தாலே ஓடும். அங்கே 37 டெசிபெல் கீழே இருக்கும் அழுக்கு கண்ணுக்கே தெரியாது. இன்னும் மோசமான ஜோடிகளையும் பார்க்கலாம். 0.5-க்கு 0.2 என்றால் சுமார் 30 டெசிபெல். 0.35-க்கு 0.05 என்றால் சுமார் 25. 256 புள்ளி வைக்கும் மாடுலேஷனுக்கு இதெல்லாம் நிச்சயம் வலிக்கும். உங்கள் இணைப்பில் வலிக்க வழியில்லை.

நம் ஊர்க் கூரையெல்லாம் இருக்கிற சாட்டிலைட் டிஷ்ஷை நினைத்துப் பாருங்கள், இது இன்னும் தெளிவாகும். சாட்டிலைட் டிவிக்கான பழைய டிவிபி-எஸ் தரத்தில் ரோல்-ஆஃப் 0.35 மட்டும்தான். டிவிபி-எஸ்2 வந்தபோது 0.35, 0.25, 0.20 என்று மூன்றானது. 2014-இல் வந்த எஸ்2எக்ஸ் இன்னும் இறுக்கி 0.15, 0.10, 0.05 சேர்த்தது. எஸ்2-இல் எந்த ரோல்-ஆஃப் என்பதை அனுப்புகிறவர் தலைப்பில் இரண்டு பிட்டில் சொல்லிவிடுகிறார். ஆனால் அந்த இரண்டு பிட்டைப் படிக்கவே ரிசீவர் சிக்னலை ஏற்கெனவே பிடித்து, டிகோட் செய்திருக்க வேண்டுமே! ஏதாவது ஒரு ரோல்-ஆஃப்பை வைத்துக்கொண்டு பிடித்தாலும் தலைப்பு வரை போய்விட முடிகிறது என்றால், பொருத்தமின்மை தரும் கசிவு அந்த அளவுக்குச் சின்னது என்பதால்தான்.

சரி, அப்போது உங்களுக்கு நடந்தது என்ன?

ஜிஎன்யு ரேடியோவின் கான்ஸ்டலேஷன் மாடுலேட்டருக்குள் ஒரு ரூட் ரெய்ஸ்டு கொசைன் ஏற்கெனவே இருக்கிறது. எக்ஸஸ் பேண்ட்விட்த் என்று 0.35 கேட்கிறதே, அது அதற்குத்தான். வாங்கும் பக்கம் நீங்கள் தனியாக ஒரு ஃபில்டர் போட்டிருக்கிறீர்கள். அதுவரை சரி. அடுத்து வரும் பாலிஃபேஸ் கிளாக் சிங்க் நேரத்தை மட்டும் பிடிக்கும் கருவி அல்ல. அதற்கு நீங்கள் கொடுக்கும் டேப்ஸ் (ஃபில்டரின் எண் வரிசை), 32 கிளையாகப் பிரிக்கப்பட்ட இன்னொரு ரூட் ரெய்ஸ்டு கொசைன். மேட்ச்டு ஃபில்டர் வேலையையும் அதுவே பார்க்கிறது. ஆக மூன்று பாதி. கொசைனின் வர்க்கம் வர வேண்டிய இடத்தில் கொசைனின் கனம் வருகிறது. மடித்துக் கூட்டினால் பட்டை ஓரத்தில் 1-க்குப் பதில் 0.707, அதாவது 3 டெசிபெல் பள்ளம்.

இதன் விலையைப் பாருங்கள். மூன்றும் 0.35 என்றால் கசிவு சிக்னலுக்குக் கீழே வெறும் 20 டெசிபெல், ஈவிஎம் 10 சதவீதம். நடுவில் இருப்பதை மட்டும் 0.2 ஆக்கிக் கணக்கிட்டேன்: 20.4 டெசிபெல். நீங்கள் 0.2-ஐ 0.35 ஆக்கியதும் ஒரு மாற்றமும் இல்லாமல் போனது இதனால்தான். சொல்லப்போனால் ஒரு நூல் மோசமாகத்தான் ஆகியிருக்கும். பவரைக் கூட்டியும் பயனில்லாததற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. கசிவது உங்கள் சிக்னலேதான். சிக்னலை இரண்டு மடங்காக்கினால் கசிவும் இரண்டு மடங்காகும், விகிதம் அப்படியே நிற்கும்.

16-க்யூஏஎம் விழுவதற்கும் கணக்கு இருக்கிறது. அக்கம்பக்கச் சிம்பல்கள் எல்லாம் ஒரே திசையில் சதி செய்தால் கசிவு மெயின் மதிப்பில் ஏறக்குறைய 27 சதவீதம் வரை போகும். க்யூபிஎஸ்கே-க்கு எல்லைக் கோடு 100 சதவீதத் தூரத்தில் இருக்கிறது, கவலையில்லை. 16-க்யூஏஎம்-இல் ஓரத்துப் புள்ளியின் வீச்சில் மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே எல்லை வந்துவிடுகிறது. 33-இல் 27 போய்விட்டால் மிச்சம் 6. அந்த ஆறுக்குள் இரைச்சல், டைமிங் நடுக்கம், கேரியர் நடுக்கம் எல்லாம் அடங்க வேண்டும். எப்படி அடங்கும்?

தீர்வு எளிது: நடுவில் இருக்கும் ஃபில்டர் பிளாக்கை எடுத்துவிடுங்கள். கிளாக் சிங்க்கின் டேப்ஸ் மட்டும் இருக்கட்டும். ஒன்று கவனியுங்கள். அந்த டேப்ஸை 32 மடங்கு சாம்பிள் வேகத்துக்கு வடிவமைக்க வேண்டும், நீளமும் அதே 32 மடங்கு. சாதாரண வேகத்துக்குச் செய்த டேப்ஸை அப்படியே கொடுத்தால் அது வேறொரு ஃபில்டராகிவிடும். புதிய சிம்பல் சிங்க் பிளாக்குக்கு மாறப்போகிறீர்கள் என்றால் நிலைமை தலைகீழாகலாம். அதில் ரீசாம்பிளரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எம்எம்எஸ்இ வகையை எடுத்தால் உள்ளே மேட்ச்டு ஃபில்டர் கிடையாது. முன்னால் தனியாக ஒன்று வைத்தே ஆக வேண்டும். எம்எஃப் என்று முடியும் பாலிஃபேஸ் வகையை எடுத்தால் முன்னால் வைக்கக்கூடாது. இந்த ஒரு தேர்வை மாற்றிவிட்டு ஃபில்டரை மறப்பவர்கள் நிறைய. பாதியும் முழுதும் குழம்பும்போது நடக்கிற விபத்துகளின் பட்டியலையும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் 0.35-க்கு. ரிசீவரில் ஃபில்டரே இல்லாவிட்டால் கசிவு 17 டெசிபெல் கீழே. அதோடு, நாலு சாம்பிளின் முழு அகலத்து இரைச்சலும் உள்ளே வருவதால் இன்னொரு 5 டெசிபெல் இழப்பு. இரண்டு பக்கமும் ரூட்டை மறந்து முழு ரெய்ஸ்டு கொசைனே போட்டால் 15 டெசிபெல். இவற்றுக்குப் பக்கத்தில் 37 டெசிபெல் எவ்வளவு சாது என்று பாருங்கள்.

இன்னொரு இடமும் அடிக்கடி ஏமாற்றும்: ஃபில்டரின் நீளம். மேட்லாபில் ஃபில்டர் வடிவமைக்கும் ஆர்காஸ்டிசைன் கட்டளை நீளத்தைச் சிம்பல் கணக்கில் கேட்கும். ஜிஎன்யு ரேடியோ டேப் கணக்கில் கேட்கும். ஒன்றில் படித்த 11-ஐ மற்றதில் அப்படியே போட்டால், நாலு சாம்பிளுக்கு மூன்று சிம்பல்கூட நீளமில்லாத ஒரு மொட்டை ஃபில்டர் கிடைக்கும். 44 அல்லது 45 இருக்க வேண்டிய இடம் அது. ரோல்-ஆஃப் சின்னதாக ஆக வால் நீண்டுகொண்டே போகும். 0.2-க்குப் போதும் என்று பட்ட நீளம் 0.05-க்குப் போதவே போதாது. அளவு பொருந்தியும் வடிவம் பொருந்தாமல் போவது இங்கேதான்.

இதையெல்லாம் திரையில் பார்த்தே ஓரளவு பிரித்தறியலாம். இரைச்சலால் பரவிய புள்ளி வட்டமாக இருக்கும், ஓரம் மெல்ல மெல்லக் கரையும். ஃபில்டர் கசிவால் பரவியது கட்டம் போன்ற வடிவத்தில், ஒரு வரம்புக்குள் நிற்கும். அந்த வரம்புக்கு வெளியே புள்ளி விழாது. க்யூபிஎஸ்கே-யில் இரண்டு அச்சும் தனித்தனியாகக் கசிவதால் அந்தச் சதுரம். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, இரண்டு கருவியையும் அட்டென்யுவேட்டர் வைத்த கேபிளால் இணைத்துப் பாருங்கள். இரைச்சல் போய்விடும். அப்போதும் பரவல் மிஞ்சினால் குற்றவாளி உங்கள் சங்கிலிக்குள்ளேயே இருக்கிறது. அடுத்து, அனுப்பும் கெயினை 10 டெசிபெல் இறக்குங்கள். பரவல் சுருங்கினால் அது ஆம்ப்ளிஃபயர் நெரிசல், ஃபில்டர் அல்ல. சுருங்காமல் அப்படியே நின்றால் ஃபில்டர். உங்கள் பட்டையில் இன்னொரு தொல்லையும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பல வீடுகளின் மின்கேட் ரிமோட் 433.92-இல்தான் பேசுகிறது. சாயங்காலம் தெருவில் கார்கள் திரும்பும் நேரத்தில் புள்ளிகள் திடீரென்று சிதறி, இரண்டு நொடியில் திரும்பக் கூடினால் அது ரிமோட்தான். அதற்கு ஃபில்டரைக் குடையாதீர்கள். அதிர்வெண்ணைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

ரோல்-ஆஃப் பொருந்தாததைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நிஜமாகக் கடிக்கும் இடங்கள் உண்டு. முக்கியமானது பக்கத்துச் சேனல். 0.2 ரோல்-ஆஃப்பை நம்பி கேரியர்களைச் சிம்பல் வேகத்தின் 1.2 மடங்கு இடைவெளியில் அடுக்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். உங்கள் சிக்னல் நடுவிலிருந்து 0.6 வரை, பக்கத்துக்காரர் 0.6-இல் தொடங்குகிறார். ரிசீவரில் 0.35 போட்டால் உங்கள் ஃபில்டர் 0.675 வரை திறந்திருக்கும். பக்கத்துச் சேனல் 40 டெசிபெல் வலுவாக இருந்தால், அந்தச் சின்ன இடுக்கு வழியாக வருவதே உங்களை மூழ்கடிக்கப் போதும். இது கான்ஸ்டலேஷனில் இரைச்சல் போலவே தெரியும், சதுரமாகத் தெரியாது. அதனால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

அதே தப்பை அனுப்பும் பக்கம் செய்தால் பாதிப்பு உங்களோடு நிற்பதில்லை. ரிசீவர் தப்பு உங்கள் வீட்டுப் பிரச்சினை. டிரான்ஸ்மிட்டரின் அகலம் மற்றவர்களுடைய இடத்தை எடுக்கும். அதனால் எதை எதற்குப் பொருத்துவது என்று தயக்கம் வந்தால் அனுப்பும் பக்கத்தைத் தரத்தின்படி வைத்துவிட்டு, வாங்கும் பக்கத்தை அதற்கேற்பத் திருத்துங்கள். ஒருபோதும் தலைகீழாகச் செய்யாதீர்கள்.

டைமிங் இன்னொரு இடம். கார்ட்னர் போன்ற முறைகள் சிம்பல் கடிகாரத்தைக் கண்டுபிடிப்பதே பட்டையின் அந்தச் சரிவுப் பகுதியிலிருந்துதான். ரிசீவரில் 0.05 போட்டு அதை வெட்டிவிட்டால் கடிகாரத்தின் சுவடு மெலிந்துபோகும், லாக் ஆக நேரமெடுக்கும், நடுக்கம் கூடும்.

இன்னொரு வகைப் பொருத்தமின்மை, தரத்தையே மாற்றிப் படிப்பது. டிஎம்ஆர், பி25 இரண்டும் வாக்கி-டாக்கி வகை டிஜிட்டல் ரேடியோத் தரங்கள். இரண்டும் நாலு நிலை எஃப்எஸ்கே (அதிர்வெண்ணை மாற்றி அனுப்பும் முறை), இரண்டும் நொடிக்கு 4800 சிம்பல். டிஎம்ஆர்-இல் இரண்டு பக்கமும் 0.2 ரூட் ரெய்ஸ்டு கொசைன். பி25-இன் முதல் கட்டத்தில் அப்படியில்லை. முழு ரெய்ஸ்டு கொசைனையும், அதன் மேல் ஒரு திருத்தத்தையும் டிரான்ஸ்மிட்டரே போட்டுவிடுகிறது. ரிசீவர் ஒரு சிம்பல் நேரம் கூட்டிக் காலி செய்யும் எளிய ஃபில்டரை வைத்தால் போதும். இங்கே ரூட் ரெய்ஸ்டு கொசைன் போடுகிறவர், எண்ணைச் சரியாகப் போட்டாலும் ஃபில்டரைத் தப்பாகத்தான் போட்டிருக்கிறார்.

உங்கள் இணைப்புக்கே திரும்பினால், நடுவில் இருந்த பிளாக்கை எடுத்த பிறகும் கேபிளில் ஈவிஎம் ஒன்றிரண்டு சதவீதம் நிற்கலாம். அதற்குக் கருவியின் டிஏசி (எண்களை அனலாக் சிக்னலாக்கும் பகுதி) ஒரு காரணம். அது ஒவ்வொரு சாம்பிளையும் படியாகப் பிடித்து வைப்பதால் ஓரத்து அதிர்வெண்கள் தளரும். டிஏசி-க்கு சிம்பலுக்கு நாலு சாம்பிள் போனால் பட்டை ஓரத்தில் 0.4 டெசிபெல் தளர்ச்சி, இரண்டு சாம்பிள் போனால் 1.7 டெசிபெல். பல எஸ்டிஆர் (மென்பொருள் ரேடியோ) கருவிகள் உள்ளுக்குள்ளேயே வேகத்தை ஏற்றி இதைக் குறைத்துவிடுகின்றன. உங்கள் கருவி அப்படிச் செய்கிறதா என்று பாருங்கள். அனலாக் பேண்ட்விட்த் என்று தனியாக ஒரு அமைப்பு இருந்தால் அதையும் சிக்னலின் அகலத்துக்கு மிக அருகில் இறுக்காதீர்கள். அந்த அனலாக் ஃபில்டரும் நீங்கள் எழுதாத ஒரு நாலாவது ஃபில்டர்தான்.

ஈக்வலைசர் (பாதையின் கோளாறைத் தானே கற்றுத் திருத்தும் ஃபில்டர்) போட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்று யாராவது சொல்வார்கள். சொல்வது உண்மைதான். இந்தக் கசிவு முழுக்க லீனியர். மூன்று ஃபில்டர் தந்த 3 டெசிபெல் பள்ளத்தைக்கூட ஒரு சாதாரண எல்எம்எஸ் ஈக்வலைசர் நிரப்பிவிடும். ஓரத்து இரைச்சலைக் கொஞ்சம் தூக்கும், அவ்வளவுதான். ஆனால் இப்போது வேண்டாம். ஷால்க்ராஸ் பக்கத்துக் குன்றுகளில் பட்டு வரும் எதிரொலிக்கு உங்களுக்கு ஒரு நாள் ஈக்வலைசர் தேவைப்படும். அதன் டேப்ஸை உங்கள் ஃபில்டர் பிசகைத் திருத்துவதில் இப்போதே செலவழித்துவிட்டால், எதிரொலி எவ்வளவு, பிசகு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போகும். முதலில் கேபிளில் 16-க்யூஏஎம் ஈக்வலைசர் இல்லாமல் ஒரு பாக்கெட்டும் விழாமல் ஓடட்டும். அதன் பிறகு ஆன்டெனாவை மாட்டி, ஈக்வலைசரைப் போட்டு, அதன் டேப்ஸை வரைந்து பாருங்கள். நடு டேப்பைத் தவிர மற்றதில் எது நிமிர்ந்து நிற்கிறதோ, அது இனி குன்றிலிருந்து வருவது.